வேளச்சேரியிலிருந்து ஒரு நூல் பயணம்

 

ஹிரா குகையிலே அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் இறைவசனங்கள் ஓதுதலைப் பற்றியும் எழுதுகோலைப் பற்றியும் பேசியவை என்பதை நம் வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகளும் அறிவார்கள். பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தால் அதுவே அவர்களின் விடுதலைக்கு ஈடாகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட வரலாறும் நாம் அறிந்ததே. இத்தகைய பெருமரபில் வந்த நம்முடைய இல்லங்களில் இன்று புத்தக அலமாரி எந்த மூலையில் இருக்கிறது? அதில் கடைசியாகச் சேர்ந்த நூல் எது? அதனை வீட்டில் எத்தனை பேர் படித்தார்கள்?

இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை ஒரு பயணத்திற்கு அழைக்கின்றோம். கடவுச்சீட்டு வேண்டா, விமானமும் வேண்டா. தென்சென்னையின் வேளச்சேரி ரயில் நிலையத்தில் ஒரு பயணச்சீட்டு எடுத்தால் போதும். பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள்.

ஏரி தந்த பாடம்

வேளச்சேரி என்றதும் இன்றைய தலைமுறைக்கு அகன்ற சாலைகளும், கண்ணாடி மாளிகை போன்ற அங்காடிகளும், கணினி நிறுவனங்களுக்கு விரையும் இளைஞர்களும் நினைவுக்கு வரலாம். முதியவர்களுக்கோ ஏரியும் வயலும் நினைவுக்கு வரும். பழைமையான தண்டீசுவரர் ஆலயமும், பரந்து கிடந்த ஏரியும், கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமுமாக இருந்த ஊர் இது. ஏரியின் பெரும்பகுதி குடியிருப்புகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டது. நிலத்தின் இயல்பை மனிதர் மறந்தாலும் நீர் மறப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருமழையில் வேளச்சேரியின் பல தெருக்களில் படகுகள் ஓடின.

அந்த நாட்களில் நகரின் பள்ளிவாசல்கள் பல, சாதி சமயம் பாராமல் வந்தவர்களுக்கெல்லாம் கதவுகளைத் திறந்து வைத்தன. நம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது நாடறிந்த செய்தி. ஆனால் அவ்வெள்ளத்தில் அழிந்தவற்றுள் பலர் கணக்கில் கொள்ளாத ஒன்றும் உண்டு. அது புத்தகம்! கட்டிலும் குளிர்பெட்டியும் மீண்டும் வாங்கப்பட்டன. பாட்டனார் கையொப்பமிட்டு வைத்திருந்த பழைய நூலை எந்தக் கடையில் வாங்குவது? பதிப்பாளர்களின் கிடங்குகளிலும் நீர் புகுந்தது. வழக்கமாக ஜனவரியில் நடைபெறும் சென்னைப் புத்தகக் கண்காட்சியே தள்ளி வைக்கப்பட்டு, 2016 ஜூன் மாதத்தில் தீவுத்திடலில் நடைபெற்றது.

நீரில் நனைந்த நூல் மட்டுமே அழிகிறது என்று எண்ண வேண்டா. பரணில் கட்டிப் போட்ட நூலும் அழிகிறது. முன்னதற்கு ஓர் இரவு போதும். பின்னதற்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவே வேறுபாடு.

தண்டவாளத்தை ஒட்டிய அறிவகங்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் திருமயிலை வரையிலும் வந்தது. 2007 நவம்பரில் அது வேளச்சேரியை எட்டியது. அலுவலகம் செல்வோர் இந்த ரயிலை நேரத்தை மிச்சப்படுத்தும் வாகனமாகப் பார்க்கின்றனர். சற்றே கண்ணைத் திறந்து பார்த்தால், இந்நகரின் அறிவுச் செல்வங்களை ஒரே சரத்தில் கோத்த நூலாகவும் இது தெரியும்.

வேளச்சேரியிலிருந்து புறப்பட்டால் பெருங்குடியை அடுத்து வருவது தரமணி. இங்கே உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இங்கேதான் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் கூடத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் மறைந்த பின்னர் அத்தொகுப்பு சிதறிவிடாமல், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு காப்பாற்றப்பட்டது. 1994-இல் நிறுவப்பட்ட நூலகத்திற்கு அதுவே அடித்தளமாயிற்று. நாடகக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் குப்பை என்று ஒதுக்காத ஒரு மனிதரால், இன்று உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் தரமணிக்கு வருகிறார்கள். நம் ஊர்களிலே மவ்லிது நூல்களும், முனாஜாத்துகளும், கிஸ்ஸாக்களும், நொண்டி நாடகங்களும், அரபுத்தமிழில் கல்லச்சிட்ட கிதாபுகளும் எத்தனை எத்தனை இருந்தன! அவற்றைத் தேடிச் சேர்த்த முத்தையாக்கள் நம்மிடம் எத்தனை பேர்?

ரயில் மேலும் செல்கிறது. கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பெற்ற இம்மாளிகையில் தரைத்தளத்திற்கு மேல் எட்டுத் தளங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கென்று தனித் தளம், பார்வையற்றோருக்குப் பிரெயில் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கு ஓர் இடம் என எல்லாம் உண்டு. போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் ஏழை மாணவர்கள் காலையில் வந்து இரவில் திரும்புவதைக் காணலாம். வேளச்சேரியிலும் அடையாறிலும் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அங்காடிக்கு அழைத்துச் செல்கின்றன. மாதத்தில் ஒரு நாளேனும் இங்கே அழைத்து வந்தால் என்ன?

அடுத்து மயிலை. இங்குள்ள சி.ஐ.டி. காலனியில் ரஹ்மத் அறக்கட்டளையின் பதிப்பகம் இருக்கிறது. ஸஹீஹுல் புகாரீ முதலான நபிமொழித் தொகுப்புகளை ஆலிம்களின் குழுவைக் கொண்டு மொழிபெயர்த்து, பல தொகுதிகளாக அழகுறத் தமிழில் வெளியிட்ட நிறுவனம் அது. கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்களின் பெயர் தாங்கிய மன்றமும் அங்கே இலக்கிய விழாக்களுக்கு இடமளித்து வருகிறது.

இன்னும் சில நிமிடங்களில் திருவல்லிக்கேணி. ஆற்காட்டு நவாபுகளின் நினைவு மணக்கும் பேட்டை. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் பெருமுயற்சி எடுத்து, 1850-ஐ ஒட்டி இங்கே முஹம்மதன் பொது நூலகத்தைத் தோற்றுவித்தார். பல ஊர்களில் பொது நூலகம் என்ற சொல்லே கேட்டிராத காலம் அது! அரபு, பாரசீக, உருது நூல்கள் அங்கே சேர்ந்தன. தமிழிலும் அரபுத்தமிழிலும் எண்ணற்ற மார்க்க நூல்களை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பிய ஷாஹுல் ஹமீதிய்யா அச்சகமும் திருவல்லிக்கேணியிலேதான் இயங்கியது. கடற்கரை நிலையம் வரை சென்றால் மண்ணடி. அங்கப்ப நாயக்கன் தெருவின் நூற்கடைகளை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு முன்பு ஏது? தொண்டி தந்த அறிஞர் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் இருந்து, இளைஞர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும் நூல்களையும், இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் என்னும் பெரும்பணியையும் தமிழுக்கு வழங்கினார்கள்.

ஆக, வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை ஓடும் அந்த ஒரு ரயிலில் அமர்ந்தபடியே நம் சமுதாயத்தின் நூல் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிடலாம்!

மதரஸா வளாகத்தில் பிறந்த கண்காட்சி

இனி நம் பயணத்தின் முதன்மையான இடத்திற்கு வருவோம். ஆண்டுதோறும் தைப் பொங்கலை ஒட்டி இலட்சக்கணக்கான மக்களை ஈர்க்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சி எங்கே பிறந்தது, தெரியுமா? நம்மில் பலரும் அறியாத செய்தி இது. அண்ணா சாலையில், ஆற்காட்டு நவாபு குடும்பத்தின் தோட்ட மாளிகையான உம்தா பாக் வளாகத்தில், மதரஸா-ஏ-ஆஜம் பள்ளியில்தான் அது பிறந்தது!

1976-இல் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் அமைந்தது. ‘பபாசி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அச்சங்கம், அடுத்த ஆண்டே, 1977 டிசம்பரில், அப்பள்ளியில் முதல் கண்காட்சியை நடத்தியது. அன்று அமைந்தவை வெறும் 22 அரங்குகள். வைக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். பின்னர் அதே சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி வளாகத்திற்குக் கண்காட்சி சென்றது. கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்களின் திருப்பெயர் தாங்கிய அக்கல்லூரித் திடலிலே அது பல்லாண்டுகள் நடைபெற்று, தமிழ்நூல்களின் பெருவிழாவாக வளர்ந்தது. அரசியல் நிர்ணய சபையிலே தமிழுக்காகக் குரல் கொடுத்த தலைவரின் பெயரில் அமைந்த இடம், தமிழ்ப் புத்தகங்களின் சந்தையாக விளங்கியது எவ்வளவு பொருத்தம்!

இடம் போதாமல் 2007-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பள்ளித் திடலுக்கும், 2013-இல் நந்தனத்திற்கும் கண்காட்சி பெயர்ந்தது. இடையில் சில ஆண்டுகள் வேறு இடங்களில் நடைபெற்றாலும், 2019 முதல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரித் திடலில் நிலைபெற்றது. 22 அரங்குகளில் தொடங்கியது அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 900 அரங்குகளாக விரிந்திருக்கிறது. சென்னையைப் பார்த்து நெய்வேலி, ஈரோடு, மதுரை என்று பல ஊர்களிலும் புத்தகத் திருவிழாக்கள் தோன்றின. 2022-க்குப் பின் தமிழக அரசின் ஆதரவில் மாவட்டந்தோறும் அவை நடைபெறுகின்றன. ஆகவே இக்கட்டுரையை நீலகிரியிலோ நாகூரிலோ இருந்து படிப்பவர்களும் சென்னைக்கு வர வாய்ப்பில்லையே என்று வருந்த வேண்டா.

நந்தனம் திடலிலே

வேளச்சேரியிலிருந்து நந்தனம் செல்ல, கிண்டி வரை பேருந்தில் சென்று அங்கிருந்து மெட்ரோ ரயில் ஏறுவது எளிது. கிண்டிக்கு அடுத்துச் சின்னமலை, பிறகு சைதாப்பேட்டை, அதன் பிறகு நந்தனம். மாலையில் கூட்டம் மிகும் என்பதால் குடும்பத்தோடு செல்வோர் முற்பகலிலோ லுஹர் தொழுகை முடித்தோ புறப்படுவது நலம். அஸர், மஃரிப் நேரங்களை முன்பே கணக்கிட்டுக்கொண்டால் தொழுகையும் தவறாது, பிள்ளைகளும் களைத்துப் போகமாட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குத் தெரிவது நீண்ட வரிசைகள். இருபுறமும் அரங்குகள்; அரங்குகளில் அடுக்கடுக்காக நூல்கள். பெரிய பதிப்பகங்களின் அரங்குகளில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அரங்கத்திற்கு வெளியே மேடையில் மாலை நேரச் சொற்பொழிவு. அதற்கப்பால் உணவுக் கடைகளில் அதைவிடப் பெரிய கூட்டம்! வந்தவர்களில் எத்தனை பேர் நூல் வாங்கினார்கள், எத்தனை பேர் பஜ்ஜி மட்டும் வாங்கினார்கள் என்று எழுத்தாளர்கள் நகைச்சுவையாகக் கேட்பது ஆண்டுதோறும் வழக்கம்.

இஸ்லாமிய நூல்களுக்கும் அங்கே அரங்குகள் உண்டு. குர்ஆன் தமிழாக்கங்கள், நபிமொழித் தொகுப்புகள், பெருமானாரின் வாழ்க்கை வரலாறுகள், சிறுவர் கதைகள் ஆகியவை அங்கே கிடைக்கும். அவ்வரங்குகளில் சற்று நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். நெற்றியில் திருநீறு அணிந்த பெரியவர் ஒருவர் குர்ஆன் தமிழாக்கத்தை மரியாதையோடு புரட்டுவார். கல்லூரி மாணவி ஒருத்தி, ‘நபிகள் வரலாற்றில் எளிமையான நூல் எது?’ என்று கேட்பாள். ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்ய இயலாத பணியை அங்கே ஒரு சிறு நூல் செய்கிறது. மாற்றுச் சமயச் சகோதரர்கள் நம்மை அறிந்துகொள்ள விரும்பி நம் வாசலுக்கு வரும் இடம் அது. அங்கே வைக்கும் நூல் பிழையற்ற தமிழிலும் நல்ல அச்சிலும் இருக்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்பதை நம் பதிப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் நம்மவர்களைக் குறித்து ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்க்க நூல் அரங்கில் துஆ நூல் ஒன்றும், சமையற் குறிப்பு ஒன்றும் வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நம் மக்களின் வாழ்க்கையை எழுதிய நம் எழுத்தாளர்களின் நாவல்களும் சிறுகதைகளும் அடுத்த வரிசையிலே, பிற பதிப்பகங்களின் அரங்குகளில், நம்மை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ முதலில் எங்கே வந்தது? ‘முஸ்லிம் முரசு’ என்னும் சமுதாய மாத இதழிலே தொடராக வந்தது. 1988-இல் நூலாகி, பிறகு ஆங்கிலத்திற்கும் சென்றது. அவருடைய ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் செல்லாதவர். அவர் எழுதிய ‘காதலா கடமையா’ 1938-இல் வெளிவந்தபோது, தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை நல்கினார். வாசகச் சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் ஒரு ஜுனைதா எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அவளுடைய நோட்டுப் புத்தகத்தை யாராவது திறந்து பார்த்தீர்களா?

எழுத்தாளரும் பதிப்பாளரும் எதிரெதிரே அமர்ந்தால்

நூல்களை விற்கும் சந்தை ஒரு வகை; நூலின் உரிமைகளைப் பரிமாறும் சந்தை மற்றொரு வகை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துக் கண்காட்சி இந்த இரண்டாவது வகைக்கு உலகப் புகழ் பெற்றது. 1982-இல் தொடங்கிய ஷார்ஜா பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியும் பதிப்பாளர்களுக்கான மாநாட்டைத் தனியே நடத்தி வருகிறது. வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்கள் பலர் அங்கே குடும்பத்தோடு சென்று தமிழ் அரங்குகளைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள்.

அவ்வழியிலே தமிழக அரசு, 2023 ஜனவரி 16 முதல் 18 வரை நந்தனத்தில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை முதன்முறையாக நடத்தியது. அங்கே பெரும்பாலும் மேசைகளும் நாற்காலிகளுமே இருந்தன. ஒருபுறம் தமிழ்ப் பதிப்பாளர். மறுபுறம் வெளிநாட்டுப் பதிப்பாளர். நம் நூலை அவர்கள் மொழியிலும், அவர்கள் நூலை நம் மொழியிலும் கொண்டுவரப் பேச்சுவார்த்தை நடந்தது. மொழிபெயர்ப்புக்கு நல்கை, இலக்கிய முகவர்களுக்குப் பயிற்சி, எழுத்தாளரும் பதிப்பாளரும் கலந்துகொள்ளும் கருத்தரங்குகள் ஆகியவற்றுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. முதல் ஆண்டில் 365 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2024-இல் அது 752 ஆயிற்று. 2025-இல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெற்றபோது 1,125-ஐ எட்டியது. புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் யாவும் நூல்களாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. எனினும் தமிழ் நூலுக்கு உலகத்தின் கதவு தட்டப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய கருத்தரங்குகளில் பேசப்படும் செய்திகளுள் நம் எழுத்தாளர்கள் கட்டாயம் அறிய வேண்டிய சிலவற்றை இங்கே சுருக்கித் தருகின்றோம்.

முதலாவது, பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அவருடைய படைப்புக்கு உரிமை உண்டு. வாரிசுகளுக்குச் சேரும் சொத்து இது. வீட்டையும் நிலத்தையும் பங்கிடும்போது பத்திரம் பார்க்கும் நாம், தந்தையார் எழுதிய நூல்களின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது, எழுத்து ஒப்பந்தம். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி உரிமையைக் கொடுப்பது சட்டப்படி நில்லாது. எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம் வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நாட்டுக்கு என்று சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். அச்சு உரிமை வேறு, மொழிபெயர்ப்பு உரிமை வேறு, ஒலிநூல் உரிமை வேறு. ஒன்றைக் கொடுக்கும்போது மற்றவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு நம் திருமறை 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கட்டளையிட்டிருக்கிறது. அதை நூல் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் மறக்க வேண்டும்?

மூன்றாவது, நூலை ஒப்படைத்தல். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். சொந்தச் செலவில் நூல் அச்சிடும் நம் ஆலிம்களும் கவிஞர்களும், திருமண வீடுகளிலும் ஜும்ஆவுக்குப் பின்னரும் படிகளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு அமைதி கொள்கிறார்கள். நூலகத்திற்கு ஒரு படியும் போவதில்லை. பிற்காலத்தில் ஓர் ஆய்வாளர் தேடும்போது அப்படி ஒரு நூல் வந்ததற்கே சான்று இராது. நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண்ணையும் இந்தியாவில் கட்டணமின்றியே பெறலாம்.

எவரும் எழுதாதது எவருக்கும் தெரியாது

இவையெல்லாம் எழுத்தாளர்களின் கவலை. குடும்பத்தினராகிய நமக்கென்ன என்று கேட்கலாம். சீறாப்புராணத்தை எண்ணிப் பாருங்கள். உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் பிறந்தவர். அவர் பாடிய காப்பியம் ஏட்டுச் சுவடிகளிலேயே பன்னெடுங்காலம் இருந்தது. 1842-இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் அவர்கள் அதனை அச்சேற்றினார்கள். சுவடிகளைக் காத்து வைத்திருந்தவர்கள் யார்? குடும்பங்களே! அவர்கள் ‘இது என்ன பழைய ஓலை?’ என்று அடுப்பில் இட்டிருந்தால், புலவர் நாயகம் எதை அச்சிட்டிருப்பார்?

அவ்வாறே இலங்கையின் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களைத் தேடித் தொகுத்து வரலாறு எழுதினார்கள். 1973-இல் திருச்சியில் தொடங்கி, 1979-இல் கொழும்பிலும் 1990-இல் கீழக்கரையிலும் என்று தொடர்ந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள், நமக்கு இத்தனை காப்பியங்களா என்று தமிழுலகை வியக்கச் செய்தன. அம்மாநாடுகளில் பேசப்பட்ட நூல்களுள் பல, ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில் கிடந்து உயிர் பிழைத்தவை.

அதற்கும் முன்னால் செல்வோம். அப்பாஸிய கலீபாக்கள் காலத்துப் பாக்தாதிலே ‘வர்ராக்’ எனப்பட்டவர்கள் நூலைப் படியெடுத்தார்கள், கட்டமைத்தார்கள், விற்றார்கள். அவர்களின் கடைகளில் அறிஞர்கள் கூடி வாதிட்டார்கள். இன்று நாம் காணும் புத்தகக் கண்காட்சியும் கருத்தரங்கும் ஒருங்கே அமைந்த இடங்கள் அவை! அவர்களுள் ஒருவரான இப்னு நதீம், ஹிஜ்ரி 377-இல் தம் காலத்து நூல்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்தார். பின்னாளில் அந்நூல்களுள் பெரும்பாலானவை அழிந்துபோயின. அப்படிப்பட்ட நூல்கள் இருந்தன என்பதே அந்தப் புத்தக வியாபாரியின் பட்டியலால்தான் இன்று உலகுக்குத் தெரிகிறது.

ஆகவே வாசகப் பெருமக்களே, இந்த ஆண்டு மூன்று காரியங்களை உங்கள் இல்லத்தில் செய்யுமாறு அன்போடு வேண்டுகிறோம்.

பரணிலும் பெட்டியிலும் உள்ள பழைய நூல்களைக் கீழே இறக்குங்கள். அரபுத்தமிழில் இருக்கிறது, படிக்கத் தெரியவில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊர் ஆலிமிடம் காட்டுங்கள். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். வைத்துக் காக்க இயலாவிட்டால், தரமணியில் உள்ளதைப் போன்ற ஆய்வு நூலகங்களை அணுகுங்கள். வேளச்சேரி வாசிகளுக்கு அது இரண்டே நிலையத் தொலைவு!

இரண்டாவதாக, புத்தகக் கண்காட்சிக்கென்று வீட்டில் ஓர் உண்டியல் வையுங்கள். பெருநாள் காசில் ஒரு பகுதியைப் பிள்ளைகளே அதில் போடட்டும். கண்காட்சியில் தங்களுக்கு வேண்டிய நூலைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். மார்க்க நூல் ஒன்று, அறிவியலோ வரலாறோ ஒன்று, நம் எழுத்தாளர் ஒருவரின் படைப்பு ஒன்று என்று மூன்று நூல்கள் வாங்கினாலும் பத்தாண்டுகளில் அது ஒரு சிறு நூலகம்.

மூன்றாவதாக, எழுதுங்கள், எழுதுவோரை ஊக்குவியுங்கள். நம் வாழ்வை, நம் பெண்களின் உழைப்பை, நம் கடற்கரை ஊர்களின் பேச்சை, வெள்ளத்தில் கை கொடுத்த நம் இளைஞர்களின் தொண்டை நாமே எழுதாவிட்டால், நம்மை அறியாதவர்கள் தமக்குத் தோன்றியதை எழுதுவார்கள். அப்போது வருந்திப் பயனில்லை. நம் ஜமாஅத்துகள் கல்விக்கும் திருமணத்திற்கும் உதவுவதைப் போல, ஆண்டுக்கு ஒரு நல்ல நூல் அச்சேறவும் உதவலாம். பயன் தரும் கல்வி, ஒருவர் மறைந்த பின்னும் அவருக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருக்கும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அளித்த நற்செய்தியன்றோ!

மதரஸா வளாகத்தில் 22 அரங்குகளோடு பிறந்த ஒரு கண்காட்சி இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது. அதிலே நம் நூல்களும் நம் வாசகர்களும் ஆண்டுக்கு ஆண்டு பெருக, வல்ல இறைவன் நல்லருள் புரிவானாக! ஆமீன்.